குக்கி: 1994-இல் லூ மான்டுலி எடுத்த முடிவுகளும் இன்றுவரை தொடரும் தலைவலிகளும்

செம்புக்கம்பி:

லூ மான்டுலி பெயர் வந்தாலே "குக்கியைக் கண்டுபிடித்தவர்" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். குக்கி என்பது ஒரு தளம் உங்கள் பிரவுசரில் விட்டுவைக்கும் சின்னக் குறிப்பு, அடுத்த முறை அதே தளத்துக்குப் போகும்போது பிரவுசர் அதைத் திருப்பிக் காட்டும். கூடவே எழுத்தைக் கண்சிமிட்ட வைக்கும் பிளிங்க் டேக்குக்காக நாலு திட்டு. அந்த ஒரு வரிக்குள் எத்தனை முடிவுகள் அடங்கியிருக்கின்றன, எது சரியாக வந்தது, எது சறுக்கியது என்று பிரித்துப் பார்க்கத்தான் இந்த இழை.

பின்னணி சுருக்கமாக. கேன்சஸ் பல்கலைக்கழகத்தில் இருந்தபோதே 1992-இல் மைக்கேல் குரோப், சார்லஸ் ரெசாக் இருவருடன் சேர்ந்து லிங்க்ஸ் பிரவுசரை உருவாக்கியவர். எழுத்தை மட்டும் காட்டும் அந்த பிரவுசர் இன்றும் லினக்ஸில் கிடைக்கிறது. 1994-இல் நெட்ஸ்கேப் என்ற பிரவுசர் நிறுவனம் தொடங்கியபோது அதன் முதல் பொறியாளர்களில் ஒருவர். வயது இருபதுகளின் தொடக்கம்தான்.

எம்சிஐ என்ற தொலைத்தொடர்பு நிறுவனத்துக்கு இணையக் கடை போடும் வேலை நெட்ஸ்கேப்பிடம் வந்தது. பாதியில் நிற்கும் கொள்முதல் விவரங்களைத் தங்கள் சர்வரில் சுமக்க எம்சிஐ விரும்பவில்லை, வாங்குபவரின் கணினியிலேயே இருக்கட்டும் என்றார்கள். பிரவுசரும் சர்வரும் பேசிக்கொள்ளும் விதிமுறையான ஹெச்டிடிபிக்கோ நினைவே கிடையாது. ஒரு பக்கம் கேட்டால் கொடுக்கும், அத்தோடு மறந்துவிடும். 1994 ஜூனில் மான்டுலி எடுத்துக்கொண்ட கணக்கு இதுதான். ஜான் ஜியானண்ட்ரியாவோடு சேர்ந்து விவரக்குறிப்பை எழுதினார். அக்டோபர் 13 அன்று வெளிவந்த 0.9 பீட்டாவிலேயே குக்கி வேலை செய்தது. முதல் பயன்பாடு கடைகூட இல்லை, நெட்ஸ்கேப் தளத்துக்கு வருபவர் ஏற்கெனவே வந்து போனவரா என்று பார்ப்பது!

என் கேள்வி: அன்று கையில் வேறு வழி இல்லையா? இருந்ததென்றால் அவை ஏன் போதவில்லை?

பழங்கணினி:

வழிகள் இருந்தன. எல்லாமே ஓட்டை.

ஐபி முகவரியை வைத்து ஆளை அடையாளம் காணலாம் என்றால், டயல்-அப்பில் ஒவ்வொரு முறை இணைக்கும்போதும் முகவரி மாறும். பெரிய நிறுவனங்களில் ஆயிரம் பேர் ஒரே ப்ராக்ஸி (நடுவில் நிற்கும் சர்வர்) வழியாக வெளியே வருவார்கள். ஒருத்தர் கூடையில் போட்ட சட்டை அடுத்தவர் பில்லில் ஏறும்.

யூஆர்எல்லுக்குள்ளேயே எண்ணை ஒட்டலாம். அப்படிச் செய்தால் பக்கத்தில் உள்ள ஒவ்வொரு லிங்க்கையும் சர்வர் திருத்தி எழுத வேண்டும், கேஷ் (சேமித்து வைத்த நகல்) பயன்படாது. லிங்க்கை நண்பருக்கு அனுப்பினால் உங்கள் கூடையும் கூடவே போய்ச் சேரும். வெளித்தளத்துக்குப் போகும்போது எந்தப் பக்கத்திலிருந்து வந்தீர்கள் என்று சொல்லும் ரெஃபரர் ஹெடரிலும் (கோரிக்கையோடு போகும் குறிப்பு வரி) அந்த எண் கசியும்.

ஃபார்முக்குள் மறைவான புலம் வைப்பது மூன்றாவது வழி. பட்டனை அழுத்திக்கொண்டே போகும்வரை சரி, நடுவில் ஒரு சாதாரண லிங்க்கைச் சொடுக்கினால் கூடை காலி.

இன்னொரு வழி எல்லோருக்கும் எளிதாகத் தோன்றியது: பிரவுசரை நிறுவும்போதே அதற்கு ஒரு நிரந்தர எண் கொடுத்துவிடுவது, எந்தத் தளத்துக்குப் போனாலும் அந்த எண்ணைக் காட்டுவது. மான்டுலி வேண்டாம் என்றது இதைத்தான். அந்த எண் இருந்தால் இரண்டு தளங்கள் கூடிப் பேசி ஒருவரை அடையாளம் கண்டுவிடும். அதனால் ஒவ்வொரு சர்வரும் தன் சொந்த அடையாளத்தைத் தானே தரட்டும், தந்தவருக்கு மட்டுமே அது திரும்பிப் போகட்டும் என்று வைத்தார்.

கோயில் வாசல் செருப்பு டோக்கன் மாதிரி. பழனியில் கொடுத்த டோக்கன் மதுரையில் செல்லாது. டோக்கனைப் பார்த்து உங்கள் பெயரையும் சொல்ல முடியாது.

பெயரும் அவர் புதிதாக வைத்ததில்லை. யூனிக்ஸ்காரர்கள் இப்படிப்பட்ட டோக்கனை ஏற்கெனவே மேஜிக் குக்கி என்றுதான் சொல்லி வந்தார்கள்.

ஆறாம்விரல்:

டோக்கன் உவமை நன்றாகத்தான் இருக்கிறது ஐயா. ஆனால் எல்லாக் கோயிலிலும் செருப்புக் கடையை ஒரே காண்ட்ராக்டர் எடுத்தால்? விளம்பர நிறுவனங்கள் செய்தது அதுதானே. நூறு தளங்களில் விளம்பரப் படம் ஒரே சர்வரிலிருந்து வருகிறது. ஒவ்வொரு படத்துக்கும் அந்த சர்வரின் குக்கி போய்க்கொண்டே இருக்கும். பக்கம் வேறு ஒருவருடையது, குக்கி படம் கொடுத்தவருடையது. நிரந்தர எண்ணை வாசல் வழியாகத் துரத்திவிட்டு ஜன்னல் வழியாக உள்ளே விட்டுவிட்டார்.

பழங்கணினி:

ஒத்துக்கொள்கிறேன் தோழர். அந்த ஜன்னலின் வரலாற்றையும் சொல்லிவிடுகிறேன்.

1996 பிப்ரவரி 12 அன்று ஃபைனான்ஷியல் டைம்ஸில் கட்டுரை வரும்வரை குக்கி என்று ஒன்று இருப்பதே பொதுமக்களுக்குத் தெரியாது. இயல்பாகவே இயங்கியது, யாரிடமும் கேட்கவில்லை. இதில் நெட்ஸ்கேப் மீது எனக்கும் குறை உண்டு.

தரநிலைக் குழுவில் டேவிட் கிறிஸ்டலும் மான்டுலியும் சேர்ந்து எழுதிய ஆர்எஃப்சி 2109 (ஆர்எஃப்சி என்பது இணையத் தரநிலை ஆவணம்), 1997 பிப்ரவரியில் வந்தது. பயனர் நேராகக் கேட்காத பக்கத்திலிருந்து, அதாவது மூன்றாம் தரப்பிலிருந்து, வரும் குக்கியை பிரவுசர் இயல்பாக ஏற்கக் கூடாது என்று அதில் தெளிவாகவே இருக்கிறது. நெட்ஸ்கேப்பும் மைக்ரோசாஃப்டும் அதைச் செய்யவில்லை. பயனர் தானே அணைத்துக்கொள்ளும் வசதியோடு நிறுத்திக்கொண்டார்கள்.

மூன்றாம் தரப்புக் குக்கியை அடைத்தால் விளம்பர நிறுவனங்கள் கண்ணுக்குத் தெரியாத வேறு வழிக்குப் போய்விடும், குக்கியையாவது பயனர் பார்க்கலாம், அழிக்கலாம் என்பது மான்டுலி பின்னாளில் எழுதிய விளக்கம். எழுத்துரு, திரை அளவு, கேன்வாஸ் ஆகியவற்றைச் சேர்த்துக் கணினியைக் கைரேகை போல அடையாளம் காணும் முறை பிறகு வந்ததைப் பார்த்தால் அந்தப் பயம் வீண் இல்லை. ஆனால் 2109-இல் தானே கையெழுத்திட்ட விதியைத் தன் நிறுவனத்தின் பிரவுசரே மீறியதற்கு இது பாதிப் பதில்தான்.

நாகுஅக்கா:

வரலாறு போதும், பொருளைப் பார்ப்போமா. நெட்ஸ்கேப் விவரக்குறிப்பு அச்செடுத்தால் சில பக்கம்தான் வரும். அதில் உள்ள எண்கள்:

மொத்தம் 300 குக்கி. ஒவ்வொன்றும், பெயரும் மதிப்பும் சேர்த்து, 4 கிலோபைட். ஒரு டொமைனுக்கு 20. வரம்பு தாண்டினால் நெடுநாள் பயன்படுத்தாததை பிரவுசர் தூக்கிப் போடும். 300 × 4 = 1,200 கிலோபைட், ஒரு 1.44 எம்பி ஃப்ளாப்பிக்குள் அடங்கிவிடும்.

இந்த வரம்பு வட்டு இடத்துக்காக மட்டும் என்று நினைக்க வேண்டாம். குக்கி ஒவ்வொரு கோரிக்கையோடும் மேலே போகும், பக்கத்தில் உள்ள ஒவ்வொரு படத்துக்கும் தனித்தனியாக. 14.4 கிலோபிட் மோடத்தில் 4,096 பைட் அனுப்பவே 2.3 வினாடி ஆகும். பத்துப் படம் உள்ள பக்கம் என்றால் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

இன்றைக்கு மோடம் இல்லை, ஆனால் அதே கோளாறு வேறு உருவத்தில் வருகிறது. ஒரு டொமைனுக்குக் குறைந்தது 50 குக்கியாவது பிரவுசர் தாங்க வேண்டும் என்கிறது ஆர்எஃப்சி 6265. சர்வர் மென்பொருள் பக்கம் அப்பாச்சியில் ஒரு ஹெடர் புலத்துக்கு 8,190 பைட், என்ஜின்எக்ஸில் 8 கிலோபைட் பஃபர் என்பது இயல்பு அமைப்பு. அனலிடிக்ஸ், ஏபி சோதனை, அரட்டைப் பெட்டி எல்லாம் மேல் டொமைனில் ஆளுக்கு ஒன்றாக ஒட்டிக்கொண்டே போனால் ஒருநாள் 400 (தவறான கோரிக்கை) பிழை வரும். அதுவும் பழைய வாடிக்கையாளருக்கு மட்டும். சோதித்துப் பார்க்கிறவர் பழைய குக்கி இல்லாத இன்காக்னிட்டோ விண்டோவில் திறப்பார், அங்கே எல்லாம் ஒழுங்காக ஓடும். பஃபரைப் பெரிதாக்கினால் வலி குறையுமே தவிர நோய் போகாது. எந்தக் குக்கி எந்த டொமைனில் உட்கார்ந்திருக்கிறது என்று பார்த்து அப்புறப்படுத்துவதுதான் மருந்து.

புதுவரவு:

அக்கா, ஒரு சந்தேகம். குக்கியை அழிக்கக் காலாவதித் தேதியைப் பழசாக வைத்து அனுப்பினாலும் அழிய மாட்டேன் என்கிறது. எங்கே தவறு?

நாகுஅக்கா:

தம்பி, குக்கிக்கு அடையாளம் பெயர் மட்டும் இல்லை. பெயர், டொமைன், பாத் (பாதை) மூன்றும் சேர்ந்ததுதான் சாவி. கடை பாதையில் வைத்த குக்கியை மூலப் பாதையில் (வெறும் சாய்கோடு) வைத்து அழித்தால் பிரவுசர் அதை வேறு குக்கி என்று எடுத்துக்கொள்ளும், பழசு அப்படியே இருக்கும். வைக்கும்போது டொமைன் சொன்னீர்களா, சொல்லாமல் விட்டீர்களா என்பதும் முக்கியம். சொல்லாவிட்டால் அந்த ஒரு ஹோஸ்டுக்கு மட்டும், சொன்னால் அதன் கீழ் உள்ள எல்லாவற்றுக்கும். இரண்டும் தனித்தனிக் குக்கிகள். பிரவுசரின் டெவலப்பர் கருவியில் சேமிப்புப் பட்டியலைத் திறந்து, டொமைனுக்கு முன்னால் புள்ளி இருக்கிறதா (இருந்தால் டொமைன் சொல்லி வைத்தது) என்று முதலில் பாருங்கள்.

பழங்கணினி:

புதுவரவு கேட்ட சிக்கலுக்கு வேர் 1994 விவரக்குறிப்பின் எடுத்துக்காட்டிலேயே இருக்கிறது. அதைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம், ஏனென்றால் இவ்வளவு சின்ன எடுத்துக்காட்டு இவ்வளவு நாள் வம்பு வளர்த்தது வேறு எங்கும் இல்லை.

அதில் வாடிக்கையாளர் பெயர் வைலி ஈ கயோட்டி, அந்தக் கார்ட்டூன் பிராணிதான். சர்வர் முதலில் பொருள் எண்ணாக "ராக்கெட் லாஞ்சர் 0001" என்பதை மூலப் பாதைக்கு வைக்கிறது. அடுத்து அதே பெயரில் "ரைடிங் ராக்கெட் 0023" என்பதை அம்மோ என்ற துணைப் பாதைக்கு வைக்கிறது. இப்போது அம்மோ பக்கத்தைக் கேட்டால் பிரவுசர் இரண்டையும் அனுப்பும். ஒரே பெயர், இரண்டு மதிப்பு, நீளமான பாதை முன்னால். எந்த மதிப்பு எந்தப் பாதையுடையது என்று சர்வருக்குத் தெரியவே தெரியாது, ஏனென்றால் திரும்பிப் போவது பெயரும் மதிப்பும் மட்டும். பாத், டொமைன், காலாவதி எதுவும் போகாது. சில நிரலகங்கள் முதல் மதிப்பை எடுக்கும், சில கடைசியை. பாதி "லாகின் ஆகிறது, ஆனால் ஆகவில்லை" புகார்கள் இங்கேதான் பிறக்கின்றன.

அடுத்து தேதி. எடுத்துக்காட்டில் உள்ள காலாவதி: புதன், 09-நவம்பர்-99, 23:12:40 ஜிஎம்டி. வடிவ விதியில் கிழமைக்கு மூன்றெழுத்துச் சுருக்கம் என்று இருக்கும். எடுத்துக்காட்டிலோ கிழமையின் முழுப் பெயர், ஆண்டுக்கு இரண்டே இலக்கம். விதியைப் பார்த்து எழுதியவர் ஒருவிதம், எடுத்துக்காட்டைப் பார்த்து எழுதியவர் ஒருவிதம். பிரவுசர்கள் இரண்டையும் விழுங்க வேண்டியதாயிற்று. 2011-இல் ஆடம் பார்த் எழுதிய 6265-இல் தேதியைப் பிரித்துப் படிக்கத் தனியாக ஒரு படிமுறையே உண்டு: 70 முதல் 99 வரை வந்தால் 1900-கள், 0 முதல் 69 வரை வந்தால் 2000-கள், கிழமையைக் கண்டுகொள்ளவே வேண்டாம்.

கட்டளைவரி:

கிழமையைக் கண்டுகொள்ளாமல் விட்டது நல்லதாகப் போயிற்று. 1999 நவம்பர் 9 செவ்வாய்க்கிழமை.

பழங்கணினி:

ஹா ஹா, அதேதான். கண்டிப்பாகச் சரிபார்த்த பிரவுசர் ஏதாவது இருந்திருந்தால் மூல எடுத்துக்காட்டையே நிராகரித்திருக்கும்.

தேதியில் இன்னொரு முள்: கிழமைக்குப் பின்னால் வரும் காற்புள்ளி. ஹெச்டிடிபியில் ஒரே பெயருள்ள பல ஹெடர்களைக் காற்புள்ளி போட்டு ஒன்றாக இணைக்கலாம் என்பது பொது விதி. சர்வர் குக்கி வைக்க அனுப்பும் செட்-குக்கி ஹெடரை அப்படி இணைத்தால் எது தேதியின் காற்புள்ளி, எது அடுத்த குக்கியின் தொடக்கம் என்று பிரிக்க முடியாது. அதனால் இந்த ஒரு ஹெடர் மட்டும் விதிவிலக்கு. நடுவில் நிற்கும் ப்ராக்ஸியோ நீங்கள் எழுதும் நிரலோ ஹெடர்களை அகராதியில் போட்டு இணைத்தால் இரண்டாவது குக்கி காணாமல் போகும். ஜாவாஸ்கிரிப்ட் ஃபெட்ச்சில் செட்-குக்கிகளைத் தனித்தனிப் பட்டியலாக எடுக்கத் தனிச் செயல்கூறு சேர்க்க வேண்டியிருந்ததும் இதனால்தான்.

செம்புக்கம்பி:

டொமைன் விதியையும் சொல்லிவிடுங்கள் ஐயா. அதுதான் இருப்பதிலேயே பலவீனம் என்று நினைக்கிறேன்.

பழங்கணினி:

புள்ளி எண்ணும் விதி. காம், எடு, நெட், ஆர்க், கவ், மில், இன்ட் ஆகிய ஏழுக்கு டொமைனில் குறைந்தது இரண்டு புள்ளி வேண்டும். மற்றவற்றுக்கு மூன்று. காம் முழுமைக்கும் ஒருவர் குக்கி வைத்துவிடக் கூடாது என்பது நோக்கம். ஆனால் உலகம் அப்படி அடுக்கப்படவில்லை. ஜெர்மனியில் நேராகப் பெயருக்குப் பின் டிஇ வரும். மூன்று புள்ளி கேட்டால் அங்குள்ள தளங்கள் முடங்கும். இரண்டு போதும் என்று தளர்த்தினால் கோ.யூகே, நம் கோ.இன் முழுவதற்கும் யார் வேண்டுமானாலும் குக்கி வைக்கலாம். எண்ணிக்கையை வைத்துத் தீர்க்கவே முடியாத சிக்கல் இது. கடைசியில் மோசில்லா தொடங்கிய பொதுப் பின்னொட்டுப் பட்டியல்தான் வழி. எந்தப் பின்னொட்டின் கீழ் பொதுமக்கள் பெயர் பதியலாம் என்று மனிதர்கள் கையால் சேர்க்கும் பட்டியல் அது.

பாதையிலும் சின்ன ஓட்டை. ஃபூ என்று பாதை கொடுத்தால் ஃபூபார் என்ற வேறு பாதைக்கும் பொருந்தும் என்று மூலக் குறிப்பே சொல்கிறது. சாய்கோட்டில் நிறுத்தி ஒப்பிட வேண்டும் என்று 6265 திருத்தியது.

ஆறாம்விரல்:

செக்யூர் கொடியை விட்டுவிட்டீர்களே. அது இருந்தால் பாதுகாப்பான இணைப்பில் மட்டும்தான் குக்கி போகும், அது சரி. ஆனால் பாதுகாப்பில்லாத துணை டொமைன் ஒன்று அதே பெயரில் மேல் டொமைனுக்குக் குக்கி வைத்தால், சர்வரால் வித்தியாசம் காண முடியாது. மேலே சொன்ன அதே காரணம்: திரும்பிப் போவது பெயரும் மதிப்பும் மட்டும்.

நாகுஅக்கா:

அதற்குத்தான் பெயரிலேயே தகவலைப் புதைக்கும் தந்திரம் வந்தது. குக்கியின் பெயர் இரண்டு அடிக்கோடு, ஹோஸ்ட், ஒரு சிறுகோடு என்று தொடங்கினால், செக்யூர் இருக்கிறதா, பாதை மூலப் பாதையா, டொமைன் சொல்லாமல் விடப்பட்டிருக்கிறதா என்று மூன்றையும் பார்த்துத்தான் பிரவுசர் ஏற்கும். புதிதாக எழுதுகிறவர்கள் லாகின் குக்கிக்கு இதை வையுங்கள். கூடவே, பக்கத்தில் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட் குக்கியைப் படிக்க விடாத ஹெச்டிடிபிஒன்லி. அது 2002-இல் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 6-இன் முதல் சர்வீஸ் பேக்கில் வந்தது. வேறு தளத்திலிருந்து வரும் கோரிக்கையோடு குக்கி போகலாமா என்று சொல்லும் சேம்சைட்டையும் வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். குரோம் 80 முதல் சொல்லாமல் விட்டால் லாக்ஸ் (Lax, பாதித் தடை) என்று எடுத்துக்கொள்ளும். பணம் கட்டும் தளத்திலிருந்து போஸ்ட் முறையில் திரும்பி வரும்போது லாகின் கழன்றுவிடுகிறது என்றால் முதல் சந்தேகம் இதன் மேல்தான் விழ வேண்டும். அந்த ஒரு குக்கிக்கு மட்டும் நன் (None, தடையில்லை) என்று வைத்து செக்யூரும் சேர்த்தால் தீரும்.

கட்டளைவரி:

1994-இன் எச்சம் ஒன்று இன்னும் தினசரிப் புழக்கத்தில் இருக்கிறது: நெட்ஸ்கேப்பின் குக்கி கோப்பு. கட்டளைவரியில் கோப்பிறக்கும் கருவிகளான கர்ல், விகெட், ஒய்டி-டிஎல்பி எல்லாம் அதே வடிவத்தைத்தான் படிக்கின்றன.

முதல் வரி ஹேஷ் குறியோடு "நெட்ஸ்கேப் ஹெச்டிடிபி குக்கி ஃபைல்" என்ற ஆங்கிலத் தலைப்பு. பிறகு வரிக்கு ஒரு குக்கி, ஏழு புலம்: டொமைன், துணை டொமைன்களுக்கும் உண்டா என்ற ட்ரூ அல்லது ஃபால்ஸ், பாதை, செக்யூரா என்ற ட்ரூ அல்லது ஃபால்ஸ், 1970-இலிருந்து வினாடிகளில் காலாவதி, பெயர், மதிப்பு.

எங்கே உடையும்? புலங்களுக்கு நடுவில் டேப் இருக்க வேண்டும். அரட்டைச் செயலியிலிருந்தோ வலைப்பக்கத்திலிருந்தோ நகலெடுத்தால் டேப் எல்லாம் இடைவெளியாகிவிடும், கர்ல் அந்த வரியைச் சத்தமில்லாமல் தாண்டிப் போகும். பிரவுசரை மூடினால் போய்விடும் செஷன் குக்கிக்குக் காலாவதி 0. விகெட் அதைச் சேமிக்க வேண்டுமானால் செஷன் குக்கிகளை வைத்துக்கொள் என்ற விருப்பத்தைத் தனியாகக் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் லாகின் அடுத்த ஓட்டத்தில் போய்விடும். கர்லில் சின்ன பி படிக்க, சின்ன சி எழுத. இரண்டுக்கும் ஒரே கோப்பைக் கொடுத்தால் பிரவுசர் மாதிரி நடந்துகொள்ளும். ஹெச்டிடிபிஒன்லிக்கு அந்தக் காலத்தில் புலம் இல்லை, அதனால் கர்ல் வரியின் முன்னால் ஹேஷ் குறியோடு அந்தப் பெயரை ஒட்டி எழுதுகிறது. ஹேஷ் இருந்தால் கருத்துரை என்று தூக்கிப் போடும் உங்கள் சொந்த ஸ்கிரிப்ட், இருப்பதிலேயே முக்கியமான குக்கியைத்தான் தூக்கிப் போடும்.

புதுவரவு:

பயனரின் பெயரைத் தமிழிலேயே குக்கியில் வைக்கலாமா? எவ்வளவு இடம் பிடிக்கும்?

நாகுஅக்கா:

நேராக வைக்காதீர்கள். அரைப்புள்ளி, காற்புள்ளி, இடைவெளி மதிப்பில் வரக் கூடாது என்பதும், வேண்டுமானால் சதவீதக் குறி முறையில் மாற்றிக்கொள்ளலாம் என்பதும் மூலக் குறிப்பிலேயே உண்டு. ஆஸ்கிக்கு (அடிப்படை ஆங்கில எழுத்துத் தொகுதி) வெளியே உள்ள எழுத்தை ஒவ்வொரு சர்வரும் ஒவ்வொரு மாதிரி படிக்கும்.

கணக்கு இப்படி. "தமிழ்" என்பது கணினிக்கு 5 குறியீடு: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. யூடிஎஃப்-8-இல் ஒவ்வொன்றும் 3 பைட், மொத்தம் 15. சதவீத முறையில் ஒவ்வொரு பைட்டும் 3 எழுத்தாகும், அதாவது 45. இந்தக் கணக்கில் 4,096 பைட்டுக்குள் 455 குறியீடுதான் அடங்கும், குக்கியின் பெயருக்கே இடம் விடாமல்.

செம்புக்கம்பி:

அப்படியானால் பெயரை சர்வரில் வைத்துவிட்டு, குக்கியில் ஒரு எண்ணை மட்டும் வைப்பதுதான் வழி. எல்லோரும் இன்று செய்வதும் அதுதான். எம்சிஐ கேட்டதற்கு நேர் எதிர்! அவர்கள் சரக்கையே வாங்குபவரிடம் கொடுத்து வைக்கச் சொன்னார்கள். கடைக்காரர்கள் சரக்கை உள்ளே வைத்துக்கொண்டு டோக்கனை மட்டும் நீட்டினார்கள்.

ஆறாம்விரல்:

அங்கேதான் என் குறையும் நிற்கிறது. கூடையில் உள்ள பொருளைக் குக்கியில் எழுதினால் பயனர் திறந்து படிக்கலாம். எண்ணை எழுதினால் அதன் பின்னால் என்ன குவிந்திருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. "பார்க்கலாம், அழிக்கலாம்" என்ற மான்டுலியின் விளக்கம் முதல் வகைக்குப் பொருந்தும். இரண்டாவதற்கு அழிக்கலாம் என்பது மட்டும்தான்.

நாகுஅக்கா:

அழிப்பதும் பாதையும் டொமைனும் சரியாகக் கொடுத்தால்தான் நடக்கும். தம்பி புதுவரவு, அழிந்ததா?

புதுவரவு:

அழிந்தது அக்கா. டொமைனுக்கு முன்னால் புள்ளி இருந்தது.